ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர்

அத்தியாயம் 14

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் கொடைக்கானலுக்குப் போய்ப் பாருங்கள். ஏரிக்கரையில் நிற்கிற நூறு பேரில் அறுபது பேர் சிவகாசி, சாத்தூர், விருதுநகர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். சீசன் முழுக்க மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிய கம்பெனிகளைப் பூட்டிவிட்டு, குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாகக் குடும்பத்தோடு மலையேறிவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே ஆறு மாதமாகப் பார்க்காத ஆளை அங்கே பார்த்து, "அண்ணாச்சி, எப்ப வந்தீக?" என்று கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். ஊரை விட்டு வந்தோம் என்பதெல்லாம் பேருக்குத்தான்.

அதனால், "ரெண்டு நாள் கொடைக்கானல் போயி சும்மா காலாற நடந்துட்டு வருவோம்" என்று போன வாரம் நல்லசிவம் சொன்னபோது ஐஸ்வர்யாவுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது.

காரணம் இருக்கிறது. விருதுநகரில் பட்டாசு டப்பாக்களுக்கு லேபிள் அடிக்கும் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கும் நல்லசிவம், இந்த இருபத்தேழு வருடத்தில் மகளை எங்கேயும் நடக்கக் கூட்டிப்போனதில்லை. நடக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலையாக இருந்தது. மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சல், ஐஸ்வர்யாவின் வலது காலை முக்கால் அங்குலம் குட்டையாக்கிவிட்டுப் போனது. வீட்டுக்குள் தெரியாது. தெருமுனை வரைக்கும்கூடத் தெரியாது. ஒரு கிலோமீட்டர் தாண்டினால் உடம்பு வலது பக்கமாகச் சாயத் தொடங்கும். கல்யாண வீடுகளுக்கு முதல் ஆளாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கடைசி ஆளாக எழுந்து வருவது அந்தக் குடும்பத்தின் வழக்கமாகிவிட்டது.

மூன்று வரன்கள் வந்து, மூன்றும் "ஊருக்குப் போயி போன் பண்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனதையும் பார்த்தோம். போன் வரவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம்தான் அந்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வந்தது. நல்லசிவம் மதுரைக்குப் போய், அளவு கொடுத்துச் செய்து வாங்கி வந்தது. வலது ஷூவுக்குள் மட்டும் வெளியே தெரியாதபடி தக்கை வைத்துத் தைத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தபோது ஐஸ்வர்யாவுக்கு இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருப்பது தெரிந்தது. அப்படி நடப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பிரஸ்ஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் போடுகிற மகளின் காலைப் பற்றி அப்பா யோசித்திருக்கிறார் என்று நினைத்து, தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படகுத்துறையிலிருந்து மூன்று பேரும் நடக்கத் தொடங்கினார்கள்.

மூடுபனி இன்னும் தண்ணீரை விட்டு எழவில்லை. எதிர்க்கரை இருக்கிறதா என்றே தெரியவில்லை. குதிரைக்காரர்கள் கூப்பிட்டார்கள், சைக்கிள்காரர்கள் கூப்பிட்டார்கள். ஐஸ்வர்யா எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே, "வேண்டாம், நடந்தே போறோம்" என்றாள். அந்த வாக்கியத்தைச் சொல்வதற்காகவே இன்னும் நாலு பேர் கூப்பிட மாட்டார்களா என்று இருந்தது அவளுக்கு.

"மெதுவா வா தாயி. அவசரமே இல்ல. கைய நல்லா வீசி நட," என்றார் நல்லசிவம். பத்தடி முன்னால் போவார், திரும்பிப் பார்ப்பார், மறுபடி போவார்.

அம்மா பொன்னுத்தங்கம் சேலைக்கு மேல் ஸ்வெட்டரும், காலுறைக்கு மேல் செருப்புமாக மகளை ஒட்டிக்கொண்டு வந்தாள். காலையில் ஓட்டலில் வைத்த பொங்கலைத் தொடவில்லை.

"என்னம்மா, மூஞ்சிய இப்படி வச்சிருக்கீக?"

"குளிருதுடி."

"வந்ததே குளிருக்குத்தானம்மா!"

பொன்னுத்தங்கம் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஒரு கிலோமீட்டர் ஆகியிருக்கும். வழக்கமாக இந்த இடத்தில் வலது இடுப்பு முனக ஆரம்பிக்கும் என்று ஐஸ்வர்யா காத்திருந்தாள். முனகவில்லை. யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே ஈரமாகக் கிடந்த சருகுகளை மிதித்துக்கொண்டு, யாருடைய தோளையும் பிடிக்காமல், ஒரு வளைவு, அப்புறம் இன்னொரு வளைவு என்று நடந்துகொண்டே இருந்தாள். ஒருத்தி இப்படிக் காலை பூராவும் நடந்துகொண்டே இருக்கலாம் என்பது மற்றவர்களுக்குப் பழைய செய்தி. அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அப்பா, நாளைக்கும் ஒரு சுத்து வருவமா?"

"இன்னைக்கு முதல்ல நல்லபடியா முடியட்டும் தாயி," என்றார் நல்லசிவம்.

சும்மா காலாற நடப்பதில் நல்லபடியாக முடிய என்ன இருக்கிறது என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

மெரூன் நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மாவை அவள் முதல் பெஞ்சிலேயே பார்த்திருந்தாள். அறுபதுக்குச் சற்று முன்பின்னாக வயது, குள்ளமான உருவம், மடியில் ஒரு துணிப்பை. நம்ம ஊர்க்காரம்மா என்று காதுத்தோட்டைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். இரண்டாவது வளைவு தாண்டினால், அங்கேயும் ஒரு பெஞ்சில் அதே அம்மா. ரோட்டோரம் ஒரு வெள்ளைக் குவாலிஸ் நின்றுகொண்டிருந்தது. சரி, காரில் ஒவ்வொரு இடமாக இறங்கி வேடிக்கை பார்க்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது பெஞ்சிலும் அந்த அம்மாவே உட்கார்ந்திருந்தபோது ஐஸ்வர்யாவின் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

இந்த முறை பெஞ்சுக்குப் பின்னால் கட்டம் போட்ட சட்டையில் ஒரு ஆள் நின்றிருந்தான். அவன் தண்ணீரைப் பார்த்தான். அந்த அம்மா தண்ணீரைப் பார்க்கவில்லை.

பெண் பார்க்க வருகிறவர்களை ஐஸ்வர்யா மூன்று தடவை பார்த்தவள். முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் நிறத்தை, அப்புறம் காபித் தட்டை நீட்டுகிற கையை. காலுக்குக் கடைசியில்தான் வருவார்கள். இந்த அம்மா முகத்துக்கு ஏறவே இல்லை. கண் ஷூவிலேயே நின்றிருந்தது. வலது கால், இடது கால், வலது கால் என்று தறியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெஞ்சைத் தாண்டி, அடுத்த வளைவில் மறைந்த பிறகு ஐஸ்வர்யா நின்றாள்.

"அப்பா, அந்த அம்மா யாரு?"

"எந்த அம்மா?"

"மூணு பெஞ்சா நம்ம கூடவே வர்றாகளே, அந்த அம்மா."

நல்லசிவம் மனைவியைப் பார்த்தார். பொன்னுத்தங்கம் அவரைப் பார்க்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன், பிள்ளகிட்டச் சொல்லிக் கூட்டிட்டு வருவோம்னு. நீங்க கேட்டீகளா?" என்றாள்.

"சொன்னா இவ இயல்பா நடப்பாளா?" என்று அவளிடம் சிடுசிடுத்துவிட்டு, மகளிடம் குரலை இறக்கினார். "சிவகாசிப் பார்ட்டி தாயி. பட்டாசுக் கம்பெனி. பையன் பேரு ராஜபாண்டியன், நல்ல பையன். அந்த வீட்டுல ஒரு வழக்கம் இருக்கு. மருமக வர்றவ தை கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியாத்தா கோயிலுக்கு நடந்தே போகணும். எவனோ ஒருத்தன் உன் காலப் பத்தி அவுக காதுல போட்டுட்டான். தரகர் ரத்தினசாமி வந்து, 'அண்ணாச்சி, அந்த அம்மா யோசிக்கிறாக'ன்னாரு. எனக்கு ரோசம் வந்துருச்சு. 'எம்பொண்ண கொடைக்கானல் ஏரியச் சுத்தி முழுசா நடக்க வைக்கேன், வந்து கண்ணால பாக்கச் சொல்லுங்க'ன்னு சொல்லிட்டேன்."

ஐஸ்வர்யா தன் ஷூவைக் குனிந்து பார்த்தாள்.

"இது அதுக்குத்தானா?"

"அச்சடிக்கிறதுக்கு முன்னால பார்ட்டிக்கு ப்ரூஃப் காட்டுற மாதிரிதான் தாயி. நமக்குத் தெரியாத தொழிலா? பார்ட்டி பாத்து ஒரு தடவ கையெழுத்துப் போட்டுட்டா, பொறவு குறை சொல்ல முடியாதுல்ல?"

முப்பது வருடமாக லேபிள் அடிக்கிறவர். மகளையும் அப்படித்தான் நினைக்கத் தெரிந்திருக்கிறது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதுதான் ஐஸ்வர்யாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"ப்ரூஃப எப்பவும் நல்ல ஆர்ட் பேப்பர்ல எடுப்போம்ப்பா," என்றாள். "லோடு போறது சாதாப் பேப்பர்லதான். அப்ப என்ன செய்வீக? சிவகாசியில இருந்து இருக்கன்குடி இருபத்தெட்டு கிலோமீட்டர்."

"அது கல்யாணத்துக்குப் பொறவுதான தாயி? அப்ப பாத்துக்கலாம். காய்ச்சல்ங்கலாம், தலைசுத்துதுங்கலாம். ஆயிரம் வழி இருக்கு."

"ஒண்ணு சொல்லுங்க."

நல்லசிவம் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஐஸ்வர்யாவுக்கு வந்த கோபத்தில் அந்த ஷூவைக் கழற்றி ஏரியில் வீசிவிடலாம் போலிருந்தது. வீசக்கூட வேண்டாம். அடுத்த பெஞ்சுக்கு முன்னால் நன்றாகச் சாய்ந்து இரண்டு எட்டு வைத்தால் போதும். குவாலிஸ் நேராக மலை இறங்கிவிடும். இன்னொரு போன் வராமல் போகும். அவ்வளவுதானே?

பொன்னுத்தங்கம் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐசு, உன்னக் கும்பிடுறேன்டி. இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்."

"நீங்களுமாம்மா?"

"உங்கூடப் படிச்சவளுக பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டாளுக. கல்யாண வீட்டுல உன் பக்கத்து நாற்காலியில உக்காந்து உக்காந்து எனக்கு அலுத்துப்போச்சுடி. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, உன்ன மேடையில நிறுத்திப் பாத்துக்கிடுறேன்."

அம்மா அழுதால் ஐஸ்வர்யா சண்டை போட்டிருப்பாள். அம்மா அழவில்லை. குளிரில் மூக்கு சிவந்து, கெஞ்சக்கூடத் தெம்பில்லாமல் நின்றாள்.

ஐஸ்வர்யா நடந்தாள்.

அம்மாவுக்காக மட்டும் நடந்தாள் என்று எழுதினால் கதைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பொய்யாகிவிடும். அவளுக்கும் ஆசை இருந்தது. அந்த ஷூ ஒரு ஏமாற்று என்று தெரிந்த பிறகும், அந்த அம்மா எப்படிப்பட்டவள் என்று தெரியாதபோதும், யாரோ ஒருவர் "சரி" என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை போகவில்லை. அடுத்த பெஞ்சு கண்ணில் பட்டதும் அவள் உடம்பு தானாக நிமிர்ந்தது. சாயலாம் என்று நினைத்த இடத்தில் முன்னைவிட நேராக நடந்தாள். அதைத் தானே கவனித்தபோது, மூன்று வரன்கள் போனபோதுகூட வராத வெட்கம் வந்தது.

மூன்றாவது கிலோமீட்டருக்கு மேல் தக்கை குதிகாலைக் கடிக்கத் தொடங்கியது. நாலாவதில் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே வலி இறங்கியும் ஏறியும் வந்தது. பனி விலகி வெயில் வந்துவிட்டது. படகில் போகிற பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். ஐஸ்வர்யா எதையும் பார்க்கவில்லை. ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டில் கண்ணை வைத்து அதன் மேலேயே நடந்தாள். கோட்டை விட்டு விலகினால் சாய்கிறோம் என்று அர்த்தம். விலகவில்லை.

நல்லசிவம் இப்போது முன்னால் போகவில்லை. மகளுக்குப் பின்னால் வந்தார். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாதவர்கள் பின்னால் வருவதுதான் வழக்கம்.

படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. வெள்ளைக் குவாலிஸ் முன்னாலேயே வந்து நின்றிருந்தது.

"அடடே! அண்ணாச்சி! நீங்களும் கொடைக்கானலுக்கா வந்திருக்கீக?" என்று மெரூன் ஸ்வெட்டர் அம்மா எழுந்து வந்தாள்.

"ஆமாம்மா! என்ன ஒரு பொருத்தம் பாருங்க!" என்றார் நல்லசிவம்.

வரன் அமையாவிட்டால், 'நாங்கள் எங்கே பெண் பார்த்தோம், தற்செயலாகப் பார்த்தோம்' என்று இரண்டு வீட்டாரும் சொல்லிக்கொள்ள வசதியாக இப்படியொரு நாடகம். அதை இருவரும் முகம் மாறாமல் நடத்தினார்கள். அமையவில்லை என்றால் இந்நேரம் அந்த அம்மா கண்டும் காணாமல் காரில் ஏறியிருப்பாள். எழுந்து வந்து பேசுகிறாள் என்றால் ப்ரூஃப் பிடித்துவிட்டது.

சொர்ணத்தாய் என்பது அவள் பெயர். ஐஸ்வர்யாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இம்புட்டு தூரம் நடந்தும் மூஞ்சி வாடலையே!" என்றாள். குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "மதினி, நம்ம காபி சாப்பிடுவோம். ஏலே ராசா, நீ இந்தப் பிள்ளயக் கூட்டிட்டுப் போயி, அந்தா அங்கன சோளக்கருது விக்கிறான் பாரு, வாங்கிட்டு வா."

கட்டம் போட்ட சட்டைக்காரன்தான் ராஜபாண்டியன். அவன் முன்னால் நடந்தான். நாலு எட்டு வைத்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவன்போல நடையைக் குறைத்தான். அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

சோளக்காரன் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தான். ஐஸ்வர்யா முடிவு செய்துவிட்டிருந்தாள். அப்பா சொல்ல மாட்டார். அம்மா சொல்ல மாட்டாள். இந்த ஆளிடம் தானே சொல்லிவிட வேண்டும். சொன்னால் போய்விடுவான். போகட்டும். ஐந்து கிலோமீட்டரோடு முடிந்துபோகட்டும்.

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"என் வலது கால் குட்டை. சின்ன வயசுல காய்ச்சல் வந்து அப்படி ஆயிருச்சு. இந்த ஷூவுக்குள்ள தக்கை வச்சிருக்கு. அது இல்லாம என்னால ஒரு கிலோமீட்டர் நடக்க முடியாது. உங்க அம்மா பாத்தது என் நடை இல்ல."

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. ராஜபாண்டியன் சோளக்கதிருக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தெரியும்ங்க," என்றான்.

"என்ன தெரியும்?"

"உங்க கால் விசயம். போன மாசமே உங்கப்பா கம்பெனிக்கு வந்து எங்கிட்டச் சொல்லிட்டாக. அவுக ஒண்ணும் ஏமாத்தலைங்க."

அவள் அவனை முழுசாகப் பார்த்தாள்.

"எனக்கு அது ஒரு விசயமே இல்லைங்க," என்று அவன் தொடர்ந்தான். "சாத்தூர்ல ஒரு கம்பெனியோட பூச்சட்டிப் பட்டாசு டப்பாவுக்கு மயில் போட்டு லேபிள் செஞ்சீகளே, அது நீங்கதான்னு உங்கப்பா சொன்னாக. அந்த மயிலப் பாத்துட்டு நான் எங்க கம்பெனியில எல்லார்கிட்டயும் காட்டினேன். அம்புட்டு நல்லா இருந்துச்சு."

இருபத்தேழு வருடத்தில் இப்படி ஒரு பேச்சை யாரும் அவளிடம் பேசியதில்லை. கால் தெரியும், பரவாயில்லை, மயில் நன்றாக இருந்தது. ஐஸ்வர்யாவுக்குக் கண் கலங்கியது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. ஒரு நிமிடம், சரியாக ஒரு நிமிடம்தான், எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது.

"அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது," என்றான் ராஜபாண்டியன்.

"எப்படிங்க தெரியாம இருக்கும்? ஒரே வீட்டுல இருக்கப்போறோம்."

"வீட்டுக்குள்ள நடந்தா தெரியாதுன்னு உங்கப்பா சொன்னாகளே."

"இருக்கன்குடி?"

"அது ஒரு நாள்தானங்க. வெறுங்கால்ல போகணும், அதான் கொஞ்சம் கஷ்டம். பல்லக் கடிச்சிக்கிட்டு நடந்துட்டீகன்னா முடிஞ்சுபோச்சு."

"வெறுங்கால்லயா?"

"ஆமா. அது அப்பிடித்தான்."

"முதல் வருசம் மட்டும்தான?"

அவன் தயங்கினான். "வருசா வருசம். அம்மா இருக்குற வரைக்கும்."

சோளக்காரன் கதிரை நீட்டினான். இரண்டில் பெரியதை ராஜபாண்டியன் அவளிடம் கொடுத்தான்.

"நீங்க உங்க அம்மாகிட்டச் சொல்லலாம்ல?" என்று ஐஸ்வர்யா கேட்டாள். தன் குரல் அம்மாவின் குரல்போலக் கெஞ்சுவது அவளுக்கே கேட்டது. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்க மாட்டாகளா?"

"எங்கம்மா பேச்சுக்கு எதுத்து நான் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லைங்க."

அதை அவன் தன்னுடைய நல்ல குணங்களில் ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னான். அப்புறம் குரல் தழைந்தது.

"எனக்கு முப்பத்திமூணு ஆகுது. ஆறு பொண்ணு பாத்தாச்சு. ஒண்ணும் அம்மாவுக்குப் பிடிக்கல. இன்னைக்கு உங்க நடையப் பாத்துட்டு, 'இவதான்டா'ன்னாக. தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லிறாதீக."

கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். நல்லவன்தான். பெரிய கதிரைக் கொடுக்கத் தெரிந்தவன். அவள் நடக்கும்போது நடையைக் குறைக்கத் தெரிந்தவன். அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் இல்லை.

ஆக எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குத் தெரியும். ஒருத்திக்கு மட்டும் தெரியாது. அந்த ஒருத்திக்காக, வருசா வருசம் இருபத்தெட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஆள் மட்டும் இவள்.

அவர்கள் திரும்பி வந்தபோது சொர்ணத்தாய் மடியிலிருந்த துணிப்பையைத் திறந்துகொண்டிருந்தாள். உள்ளே ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பூ. வரும் வழியில் வத்தலக்குண்டில் வாங்கி, வாடாமல் கொண்டுவந்திருக்கிறாள். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்குவது இரண்டு வீட்டுக்கும் அவமானம்.

"இங்கன வா தாயி, பக்கத்துல உக்காரு."

ஐஸ்வர்யா உட்கார்ந்தாள். கடைசி இரண்டு கிலோமீட்டரும் அவள் ஏங்கியிருந்தது உட்காரத்தான்.

"எதுக்கு இந்தக் கெழவி மூணு பெஞ்சு மாறி மாறி உக்காந்து பாத்தான்னு நெனச்சிருப்ப," என்றாள் சொர்ணத்தாய். அவளே நாடகத்தைக் கலைத்துவிட்டாள். "எங்க கம்பெனியில நூத்தியிருபது பேரு வேல செய்யிறாக தாயி. முப்பத்தஞ்சு வருசத்துல ஒரு உசுருக்குச் சேதாரம் வந்ததில்ல. சுத்தி எங்கெங்கயோ என்னென்னமோ நடக்குது, நீயும் கேள்விப்பட்டிருப்ப. எங்க எடத்துல ஒண்ணு நடக்கல. அந்த மாரியாத்தாதான் காவல். நான் கல்யாணமாகி வந்த வருசத்துல இருந்து தப்பாம நடக்கேன். இவன் வயித்துல இருக்கும்போதும் நடந்தேன். இப்ப எனக்கு முழங்கால் போச்சு. இந்த வருசத்தோட சரி. அடுத்தாப்புல நீதான் நடக்கணும். அதுக்குத்தான் பாத்தேன், வேற ஒண்ணுக்கும் இல்ல."

ஐஸ்வர்யா எதிர்பார்த்தது ஒரு கொடுமைக்கார மாமியாரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது முழங்கால் வலியோடு நூற்றியிருபது பேருக்காகக் கவலைப்படுகிற ஒருத்தி. ஏமாற்றப்படப் போகிறவள் அவள்தான்.

"எவனோ உன் காலப் பத்தி எங்கிட்டச் சொன்னான். நான் என் கண்ணால பாத்துட்டேன், நம்பல," என்றாள் சொர்ணத்தாய், பூச்சரத்தைக் கையில் எடுத்தபடி. "இருந்தாலும் உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிரு. ஏன்னா இது ஆத்தா காரியம். பொய்யா நடந்தா அவ பொறுக்க மாட்டா. கால்ல ஒண்ணும் இல்லையே?"

நல்லசிவம் காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜபாண்டியன் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். பொன்னுத்தங்கம் மட்டும் மகளையே பார்த்தாள். சற்று முன்வரை கெஞ்சிய கண்ணில் இப்போது பயம் இருந்தது. 'சொல்லிவிடு' என்று அது சொன்னதா, 'சொல்லாதே' என்று சொன்னதா என்பது ஐஸ்வர்யாவுக்குப் புரியவில்லை.

உண்மையைச் சொல்ல இரண்டே வார்த்தை போதும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் சோளக்கடையில் சொல்லியிருக்கிறாள். ஆனால் அங்கே சொன்னபோது, சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பிச் சொன்னாள். இங்கே சொன்னால் அப்பாவின் பொய்யும், அந்தப் பையனின் பொய்யும் சேர்ந்து அம்பலமாகும். விருதுநகரிலிருந்து சிவகாசி வரைக்கும் பேச்சாகும். அப்புறம் அம்மா எந்தக் கல்யாண வீட்டிலும், எந்த நாற்காலியிலும் உட்கார முடியாது.

"ஒண்ணும் இல்ல அத்தை," என்றாள் ஐஸ்வர்யா.

அத்தை என்ற சொல் தானாக வந்தது. அதைக் கேட்டதும் சொர்ணத்தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "என் ராசாத்தி!" என்று இழுத்து அணைத்துக்கொண்டு, கூந்தலில் பூவைச் செருகினாள். ஈரம் பிடரியில் இறங்கியது. பொன்னுத்தங்கம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"அப்ப நல்ல காரியத்த ஏன் தை வரைக்கும் தள்ளிப்போடணும்?" என்றாள் சொர்ணத்தாய், மருமகளின் கையை விடாமல். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நீயும் நானும் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கு நடந்துபோயி கும்பிட்டுட்டு வருவோம். போக வர ஆறு கிலோமீட்டர்தான். நம்ம முறைப்படி வெறுங்கால்ல. என் முழங்கால் வலிச்சா உன் தோளப் பிடிச்சிக்கிடுறேன். என்ன தாயி, சரிதான?"

ஐஸ்வர்யா தலையாட்டினாள். பூ விழுந்துவிடாமல் மெதுவாக ஆட்டினாள்.